கல்லு வூடு

எங்கள் கம்பெனியில் புதிதாக ஒரு கேன்டீன் கட்டப் போகிறார்கள். அதற்காகச் சில வாரங்களுக்கு முன் ஒரு கூட்டம் நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த கட்டட நிபுணர், சுவரைக் கருங்கல்லிலேயே எழுப்பிவிடலாம் என்றார். கல்லைச் சூளையில் வேகவைக்க வேண்டாம், பெயிண்ட் அடிக்க வேண்டாம், நாளைக்குக் கட்டடம் வேண்டாமென்று இடித்தாலும் அதே கல்லை எடுத்து வேறொன்று கட்டிக்கொள்ளலாம், பக்கத்திலேயே கிடைத்தால் பூமிக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். பக்கத்து மலையெல்லாம் குழியாகித் தண்ணீர் நிற்கிறதே, இனி எங்கே போய் வெட்டுவது என்று பர்ச்சேஸில் இருந்து ஒருவர் கேட்டார். வெட்டவே வேண்டாம், பழைய கட்டடங்களின் கல்லே போதும் என்றார் நிபுணர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரகடத்துக்காரி என்பதால் எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. தெரியும்தான். ஆனால் எனக்குத் தெரிந்ததைக் கூட்டத்தில் சொல்ல முடியாது.

நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தபோது அம்மா வாலாஜாபாத்தில் இருந்த தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் போனாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரிய சண்டை நடந்ததாகவும் நினைவில்லை. அப்பா குடிப்பவர் அல்ல, அடிப்பவர் அல்ல, பேசுபவரும் அல்ல. அம்மா ஏதாவது சொன்னால் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். சொல்லி முடித்ததும் சாப்பாடு போடச் சொல்வார். கொஞ்ச நாளில் அம்மா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள் என்று தெரிந்தது.

அப்பாவுக்குக் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்களுக்கு ஒரு துண்டு மனை இருந்தது, அதில் தகர ஷீட் போட்ட வீடு. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலெல்லாம் தூங்குவார். நான் சத்தம் போடக்கூடாது. ஆகவே டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்ப்பேன். யார் யாருக்கு மாமியார், யார் எதற்காக அழுகிறாள் என்பதையெல்லாம் நானே முடிவு செய்துகொள்வேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தட்டில் சோறு போட்டு, ஊமை டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, தூங்குகிற மனிதரின் மூச்சைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்ட சாப்பாடுதான் என் சிறுவயது. தனிமை என்ற வார்த்தை அப்போது எனக்குத் தெரியாது. பசி ஆறிய பிறகும் வயிற்றில் ஏதோ காலியாக இருப்பதாக மட்டும் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அம்மாவைச் சமாதானம் பேசி அழைத்துவர வாலாஜாபாத்துக்குப் போனார்கள். அப்பா என்னையும் கூட்டிப் போனார். ஆளாளுக்கு அம்மாவுக்குப் புத்தி சொன்னார்கள். பெண் குழந்தை இருக்கிறது என்றார்கள், ஊர் என்ன பேசும் என்றார்கள். அம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"கல்லு வூடு கட்டச் சொல்லுங்க, வரேன்."

எங்கள் பக்கத்தில் கல்லு வூடு என்றால் கூரையோ தகரமோ இல்லாமல், சுவர் எழுப்பித் தளம் போட்ட வீடு. அவ்வளவுதான் அர்த்தம். செங்கல்லும் கல்தான், சிமெண்ட் கல்லும் கல்தான். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது தெரியும், என்னைத் தவிர. எனக்குக் கல் என்றால் கருங்கல். அதற்கு முந்தைய வருஷம் அம்மா என்னை மணிமங்கலம் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே தரை ஜில்லென்று இருந்தது. அம்மா ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து, இங்கேயே இருந்துவிடலாம் போல இருக்கிறது என்றாள். அதை நான் மறக்கவில்லை. அம்மா கேட்கிற வீடு இதுதான் என்று புரிந்துகொண்டேன். அந்தத் தூண்களுக்கு நடுவே கேஸ் அடுப்பை எங்கே வைப்பது, துணி காயப் போடக் கொடியை எந்தத் தூணில் கட்டுவது என்பதுதான் வழியெல்லாம் எனக்கிருந்த கவலை.

மறுநாளிலிருந்து அப்பாவை அரிக்க ஆரம்பித்தேன். ஷூ மாட்டும்போது கேட்பேன், சாப்பிடும்போது கேட்பேன், அவர் கண் விழித்ததும் முதல் வார்த்தையாக அதையே கேட்பேன். கல்லு வூடு எப்போது கட்டுவாய்? அப்பா எதிர்ச்சுவரைப் பார்ப்பார். தகரத்தில் பார்க்க என்ன இருந்ததோ தெரியவில்லை.

எங்கள் சித்தப்பா, அப்பாவின் தம்பி, அப்போது ஜேசிபி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகவில்லை. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் எனக்குத் துணையாக எங்கள் வாசலில் வந்து படுத்துக்கொள்வார். அப்பாவுக்குச் சேர்த்து அவர் பேசுவார். அந்தச் சமயத்தில் கம்பெனி லாரிகளுக்காக ரோட்டை அகலப்படுத்தினார்கள். ரோட்டோரம் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பழைய கல் சாவடியை இடிக்கும் வேலை சித்தப்பாவின் ஜேசிபிக்கு வந்தது. சுவர் முழுக்கக் கொத்திய கருங்கல். ஒரு கல் கூட உடையாமல் வந்ததாம். கான்ட்ராக்டர் அதையெல்லாம் பள்ளம் ரொப்பக் கொட்டச் சொன்னார். எங்களைச் சுற்றியிருந்த மலைகளைக் கிரஷர்கள் ஜல்லியாக அரைத்துக் கம்பெனிகளுக்குத் தரை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்களைப் போன்றவர்கள் வீடு கட்டப் புதுக்கல் வாங்குவது நடக்கிற காரியமல்ல. பள்ளத்துக்குப் போகிற கல்லை எங்கள் மனைக்குத் திருப்பிவிடச் சித்தப்பா எப்படியோ அனுமதி வாங்கிவிட்டார்.

லாரி வந்து கல்லைக் கொட்டிய அன்று நான் ஆடாத ஆட்டம் இல்லை. இவ்வளவு கல்லை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. அதன் பிறகு சாயங்காலங்களில் டிவி பார்ப்பதை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் குவியலில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். வெயில் போய் வெகுநேரம் ஆன பிறகும் கல்லில் சூடு இருக்கும். பாவாடை வழியாக அந்தச் சூடு மெதுவாக ஏறும். யாரோ பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். வீட்டுக்குள் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். தெருவில் கம்பெனி பஸ்கள் போகும். அம்மா வருகிற வரைக்கும் இது போதும் என்று எனக்குத் தோன்றியது.

கொத்தனார் வந்தார். அஸ்திவாரத்துக்குக் கடக்கால் எடுத்து, கல்லை ஒன்றோடொன்று பொருத்தி இறக்கினார். தரைக்கு மேல் முழங்கால் உயரம் வந்ததும் கல் தீர்ந்துபோனது. இன்னும் கல் வர வேண்டுமே என்று நான் கேட்டதற்கு, சனிக்கிழமை கல்லு வருது என்றார் கொத்தனார். சனிக்கிழமை லாரிச் சத்தம் கேட்டு ஓடினேன். டிரைவர் இறங்கி, கல்லு வந்துகீது, எங்க எறக்கறது என்று கேட்டார். லாரி நிறைய ஹாலோ பிளாக். சாம்பல் நிறத்தில், நடுவில் ஓட்டையோடு, ஒவ்வொன்றும் ஒரே அளவில்.

நான் கடக்கால் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தேன். இது கல்லே இல்லை, அம்மா வராது என்று அழுத அழுகையில் லாரி டிரைவர் பயந்துபோனார். கொத்தனாருக்குச் சிரிப்பு. அப்பா பாட்டுக்குப் பிளாக்கை இறக்கிக்கொண்டிருந்தார். சித்தப்பாதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு பாப்பா அழுவுற? கடக்கால் கல்லா இருந்தா அது கல்லு வூடுதான். மேல கீறது போவும் வரும். கீழ கீறது அப்டியே இருக்கும்."

அவர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். ஆனால் அது பொய்யாகவில்லை. அந்த வீட்டின் மேல்சுவர் அதன் பிறகு பலமுறை வெடித்து, பலமுறை பூசியாகிவிட்டது. கடக்கால் அசையவில்லை. நாளைக்கே வீட்டை இடித்தாலும் பிளாக் தூளாகிக் குப்பைக்குப் போகும், அந்தக் கல் வேறு யார் வீட்டுக்காவது போகும். அப்போது இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கீழே மண்ணுக்குள்ளும் பூச்சுக்குள்ளும் இருப்பது அம்மா கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சித்தப்பா தலையைச் சொறிந்தார். அப்புறம் முன்பக்கச் சுவர் முழுக்கக் கல் தெரிகிற மாதிரி செய்து தருகிறேன், நீ இறங்கு என்றார். இறங்கினேன்.

சொன்னபடியே செய்தார். பூச்சு ஈரமாக இருக்கும்போதே கொத்தனாரைக் கொண்டு பூசுகிற கரணையின் நுனியால் சுவரெல்லாம் கோணல் மாணலாகக் கட்டம் கீறினார். காய்ந்த பிறகு பெயிண்டர் வந்து ஒரு கட்டத்துக்குச் சாம்பல், ஒரு கட்டத்துக்குப் பழுப்பு என்று அடித்து, நடுவில் கறுப்புக் கோடு இழுத்தார். அப்போது அது ரொம்ப ஃபேஷன். தூரத்திலிருந்து பார்த்தால் கல் சுவரேதான். மண்ணூர் பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று சித்தப்பா அளந்துவிட்டார். நான் தூரத்திலிருந்தே பார்த்தேன். கிட்டே போய்த் தொடவில்லை.

பால் காய்ச்சுகிற நாளுக்கு அம்மா வந்தாள். பெரியவர்கள் வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தார்கள். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அவள் முன்பைவிட இளைத்திருந்தாள், முடியைச் சின்னதாகக் கட்டியிருந்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். பால் பொங்குகிற வரைக்கும் அவள் அடுப்படியில் நின்றாள், எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள், அப்பாவுக்கும் கொடுத்தாள். எல்லாம் நடந்துவிட்டது என்று நினைத்தேன். அவளை இழுத்துக்கொண்டு முன்பக்கச் சுவருக்குப் போனேன்.

"இன்னாடி இது, கோடு கோடா?" என்றாள்.

"கல்லும்மா. நீ கேட்டியே, கல்லு வூடு."

"நானா கேட்டேன்?"

அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை. நான் வாலாஜாபாத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் எல்லோரும் கேட்டார்கள், நீ இப்படிச் சொன்னாய் என்றேன். அம்மா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையை நீட்டிச் சுவரைத் தடவினாள். பிறகு விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். உள்ளே காலியாக இருக்கிற சத்தம் வந்தது. என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு, செகண்ட் ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அம்மா அன்றைக்கு அப்படிச் சொன்னது பெரியவர்கள் வாயை அடைக்கத்தானாம். இதை நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவளே சொன்னாள். அப்பாவால் முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டால் யாரும் திரும்ப வந்து கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தாளாம். கடக்கால் போடுவதற்கு முன்பே அப்பா தனியாகப் போய் ஹாஸ்டல் வாசலில் அவளைப் பார்த்திருக்கிறார். கட்டினாலும் வரமாட்டேன், குழந்தையை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் நேராகவே சொல்லியிருக்கிறாள். அப்படியானால் அப்பா எதற்குத்தான் கட்டினார் என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

"நீ தெனம் கேட்டுகினு இருந்தியே," என்றார்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தவை. அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள் என்பதுதான். சித்தப்பாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. விருந்துக்கு வந்தவர்கள் போன பிறகு, பெயிண்டர் விட்டுப்போயிருந்த பட்டி பூசும் தகட்டை எடுத்துக்கொண்டு வந்து சுவரைச் சுரண்ட ஆரம்பித்தேன். எனக்கு எட்டியது கீழ் வரிசைகள்தான். பெயிண்ட் துணுக்கு துணுக்காக உதிர்ந்தது.

அப்பா வெளியே வந்து நின்றார். புது வீட்டுச் சுவர். அடி விழும் என்று நினைத்தேன்.

"இது டூப்புன்னு அம்மா கண்டுபுடிச்சிடுச்சுப்பா," என்றேன். "நெஜக் கல்லு வெச்சா வரும்ல?"

அப்பா சுவரைப் பார்த்தார். வழக்கம்போல ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு உப்புத்தாளை எடுத்து வந்து, இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை என்னிடம் கொடுத்தார்.

"மேல நான் பாத்துக்கறேன். நீ கீழ தேய்," என்றார்.

வெளிச்சம் போகிற வரைக்கும் இரண்டு பேரும் தேய்த்தோம். அவர் தலையிலும் பட்டுச் சட்டையிலும் சாம்பல் தூள் விழுந்துகொண்டே இருந்தது, அவர் தட்டிவிடவில்லை. ஒவ்வொரு கட்டமாக, ஒரு கோடு விடாமல், கம்பெனி வேலையைப் போல அக்கறையாகத் தேய்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா விழித்துக்கொண்டு என் பக்கத்தில் இவ்வளவு நேரம் நின்றது அன்றுதான். அம்மா வரப்போவதில்லை என்று தெரிந்தவர்தான் என்னோடு நின்று தேய்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கல்லும் அழிய அழிய, அம்மா வந்துகொண்டிருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.