போகிற இடத்தைக் கேட்கிற ஊர்

மெல்போர்னில், மகன் வீட்டிலிருந்து நான் காலையில் எங்கே கிளம்புகிறேன் என்று ஒருவரும் கேட்பதில்லை. தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நின்றால் கை காட்டுவார்கள், சிரிப்பார்கள், அவ்வளவுதான். அம்பத்தூரில் இரும்பு கடையும் லேத் எட்டை ஓட்டிய ஆள் நான். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் போட்ட பட்டறை அது. பெரிய கம்பெனி இன்ஜினியர்களே என் வேலையை அளந்து பார்த்து, குறை சொல்ல முடியாமல் திரும்பியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு டேவிட்டுக்கும் என் வயதுதான். அவர் காரை எடுக்கும்போதெல்லாம் வேலியோரம் நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "வேர் கோயிங், டேவிட்?" என்பேன். "அவுட்," என்பார். இரண்டு வாரம் இதே பதில். ஒருநாள் சாப்பிடும்போது என் மகன் மெதுவாக ஆரம்பித்தான்.

"அப்பா, அவர் எங்க போறார்னு தினம் கேக்காதீங்க. உங்கப்பா என்னை வேவு பாக்கறாரான்னு எங்கிட்ட கேட்டார்."

"மரியாதைக்குக் கேட்டேன்டா. கேக்காம இருந்தாதான் தப்பு."

"இங்க கேட்டாதான்பா தப்பு."

இவனுக்கு எப்படிச் சொல்வது? திருநின்றவூரிலிருந்து ரயிலில் வந்து, அடுத்தவர் பட்டறையில் கூலிக்கு நின்ற காலத்தில் என்னை ஒருவரும் கேட்டதில்லை. சொந்தமாக முதல் லேத்தை இறக்கிய மறுநாள், டீக்கடை முனுசாமி பாய்லருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "இன்னா அண்ணாத்தே, எங்க கெளம்பிட்ட?"

"நம்ம பட்டறைக்குத்தான்," என்றேன். அப்படி வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நான் முதலாளி என்று எனக்கே நம்பிக்கை வந்தது. அப்புறம் முப்பது வருஷம் பூக்காரம்மா, சைக்கிள் கடைக்காரர் என்று தெருவே கேட்டது. தினமும் சொன்னேன். ஒருநாளும் சலித்ததில்லை.

போன மாதம் அம்பத்தூருக்குப் போயிருந்தேன். பட்டறையை விற்றாகிவிட்டது. சாவியை ஒப்படைப்பதுதான் பாக்கி. சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெருவில் யாருக்கும் சொல்லாமல் நடந்தேன். முனுசாமி பார்த்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, காலைலயே எங்க கெளம்பிட்ட?"

‘நம்ம பட்டறைக்குத்தான்’ என்பது நாக்கு வரை வந்தது. இவருக்கு எதற்கு இதெல்லாம் என்று, சத்தியமாக, எனக்குத் தோன்றியது.

"சும்மா, வெளிய," என்றேன்.

"ஃபாரின் தண்ணி குட்ச்சதும் பேச்சே கொறஞ்சி பூட்ச்சி நைனா உனக்கு," என்று சிரித்தபடி டீயை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். சாவி கனத்த பக்கம் அவர் கண்ணில் படாதபடி, பாதி உடம்பைக் கடைக்கும் பாதி உடம்பை ரோட்டுக்குமாகத் திருப்பி நின்றே குடித்து முடித்தேன்.