கப்பலுக்கு ஆகாத பெயர்

தொடக்கப் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சொந்தமாக ஒரு விண்கப்பல் கிடைத்தது. மலாக்காவின் புக்கிட் காத்திலில் நாங்கள் இருந்த வரிசை வீட்டின் முன்னால் அப்பாவின் காரை நிறுத்தவே இடம் பற்றாது. நல்லவேளையாக, கப்பல் மாமாவின் மடிக்கணினிக்குள் இருந்தது.

அது ஒரு விளையாட்டு. பள்ளி விடுமுறை முழுக்க வாடகைக் கப்பலில் இரும்புத்தாதுவை ஏற்றிக்கொண்டு கிரகம் கிரகமாக அலைந்திருந்தேன். அந்த உழைப்பைப் பாராட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விளையாட்டு எனக்கொரு கப்பலைக் கொடுத்தது. கொடுத்ததோடு விடாமல் அதற்குப் பெயரும் கேட்டது. பன்னிரண்டு ஆங்கில எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும், உலகத்தில் வேறு யாரும் வைத்திருக்கக் கூடாது, வைத்தபின் மாற்ற முடியாது. என் தம்பிக்குப் பெயர் வைத்தபோதுகூட இவ்வளவு நிபந்தனைகள் இருந்ததாக நினைவில்லை.

மின்னல், வானவில் என்று எனக்குத் தெரிந்த அழகான பெயர்களையெல்லாம் ஏற்கெனவே யார் யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றாமையில் மலாக்கா என்று போட்டுப் பார்த்தேன். அதுவும் போயிருந்தது. நம் ஊர்க்காரர் யாரோ என்னை முந்திக்கொண்டதில் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

அப்பாவிடம் கேட்டேன். நாளிதழிலிருந்து தலையை எடுக்காமலே, "அன்னபூரணின்னு வை. நல்ல பேரு," என்றார்.

"அது சாப்பாட்டுக் கடை பேருப்பா."

"கப்பல்ல போறவங்களுக்குப் பசிக்காதா?"

அம்மாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அன்று அம்மா கேட்கும் நிலையில் இல்லை. சிம்பாங் அம்பாட்டிலிருந்து பெரியம்மா தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு, பின் இருக்கை நிறைய ரம்புத்தான் பழங்களோடு வந்திறங்கியிருந்தார். கைப்பேசியில் ஒரு பெண்ணின் படம். மாமாவுக்குப் பார்த்த பெண்.

மாமா, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி. அவர்களுடைய பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் அக்காமார் இருவரும்தான் அவரை வளர்த்தார்கள். புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. எங்கள் வீட்டின் நடு அறையில் தங்கியிருந்தார். ஆளுயர இயந்திரத்துக்குள் அஞ்சாமல் தலையை விடுகிறவருக்கு, அக்காமார் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெண் பார்க்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் "இப்ப வேணாம்க்கா" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அன்றைக்குப் பெரியம்மா அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். "வர்ற வெள்ளிக்கிழம வர்றோம்னு சொல்லிட்டேன் லா. அவங்க ஆளுங்களையெல்லாம் கூப்புட்டுட்டாங்க. இனிமே மாத்த முடியாது," என்று சமையலறையில் அம்மாவிடம் சொன்னது கூடம் வரை கேட்டது.

மாமா அங்கிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் காலியாக இருந்த பெயர்க் கட்டத்தைப் பார்த்தார்.

"இன்னுமா பேரு வைக்கல?"

"எல்லாம் போயிருச்சு மாமா."

"நான் ஒண்ணு சொல்றேன், போடு," என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். நான் தட்டினேன். ஹர்ஷிதா. எனக்குப் பிடித்துவிட்டது. விண்வெளியில் வெள்ளையாக, வேகமாகப் போகிற கப்பலுக்கென்றே செய்த பெயர் போல இருந்தது. பொத்தானை அழுத்தினேன். மற்ற பெயர்களுக்கெல்லாம் 'வேறொருவர் வைத்திருக்கிறார்' என்று மரியாதையாகச் சொன்ன விளையாட்டு, இதற்கு மட்டும் சிவப்பு எழுத்தில், இது தகாத சொல், பயன்படுத்தக் கூடாது என்றது.

காரணம், இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தப் பெயரின் நடுவில் நான்கு எழுத்துகள் சேர்ந்து ஓர் அசிங்கமான ஆங்கிலச் சொல்லாகிவிடுகின்றன. கணினி அந்த நான்கை மட்டும் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்திருக்கிறது. பத்து வயதில் எனக்கு அந்தச் சொல் தெரியாது.

"கெட்ட வார்த்தையா மாமா இது?"

மாமா சிரிக்கப் போனார். பிறகு என்ன தோன்றியதோ, சிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"தெரியலயே. உங்கம்மாகிட்ட கேட்டுப் பாரேன்."

"இப்பவா?"

"இப்பவேதான். பெரியம்மாவும் இருக்காங்கல்ல. ரெண்டு பேருக்கும் கேக்குற மாதிரி கேளு. நான்தான் சொன்னேன்னு சொல்லு."

நான் போய்ச் சமையலறை வாசற்படியில் நின்று, சொன்னபடியே சத்தமாகக் கேட்டேன். "அம்மா, ஹர்ஷிதான்னா கெட்ட வார்த்தையா?"

கோழியைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை நிறுத்தினார். "யாருடி ஹர்ஷிதா?"

"கப்பல்."

"என்ன கப்பல்?"

"என் கப்பல்மா. மாமாதான் அந்தப் பேர வைக்கச் சொன்னாரு."

பெரியம்மா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அம்மா அடுப்பை அணைத்தார். ஞாயிற்றுக்கிழமை, கோழி பாதியில் இருக்கும்போது அம்மா அடுப்பை அணைத்து நான் பார்த்ததே இல்லை. மாமா கூப்பிடாமலேயே வந்து, தலைமையாசிரியர் அறைக்கு வந்த மாணவனைப் போல நின்றார்.

"யாருடா?" என்றார் அம்மா.

"கூட வேல செய்ற பொண்ணுக்கா."

"எந்த ஊரு?"

"தெலுக் இந்தான். தெலுங்கு ஆளுங்க."

"தெலுங்கா? வீட்டுல என்ன பேசுவாங்க?" என்றார் பெரியம்மா.

"நம்மள மாதிரிதான் பெரியக்கா. எல்லாத்தையும் கலந்து."

அதற்குள் அப்பா வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பி, கூடத்து மேசையிலிருந்த மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு அறைக்குக் கூட்டிப் போய்விட்டார். கதவைச் சாத்தினாலும் அந்த வீட்டில் எதுவும் கேட்காமல் போகாது. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்த பெண்வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது என்று பெரியம்மா கேட்டார். அம்மாவின் குரல் மட்டும் உடைந்திருந்தது.

"நான்தானடா உனக்குச் சட்ட மாட்டி ஸ்கூலுக்கு அனுப்புனேன். என்கிட்ட சொல்ல உனக்கு வாய் வரலயா?"

மாமா சொன்னதும் கேட்டது. "நீங்க ரெண்டு பேரும் வேணாம்னு சொன்னா, வேணாம்க்கா. ஆனா எனக்கு வேற பொண்ணு மட்டும் பாக்காதீங்க."

அம்மா அழுதார். ஒரு சொல்லைச் சொன்னதற்கு அடுப்பு அணைந்து, பெரியவர்கள் அழும் அளவுக்குப் போகிறதென்றால், அது எப்பேர்ப்பட்ட சொல்லாக இருக்க வேண்டும்!

"அப்பா, அது அவ்ளோ கெட்ட வார்த்தையா?" என்று கிசுகிசுத்தேன்.

அப்பாவின் காது கதவுப் பக்கமே இருந்தது. "இப்போதைக்கு அந்தப் பேர எடுக்காதமா. நீ கப்பலப் பாரு," என்றார்.

சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று. நான் பேசாமல் அன்னபூரணி என்று தட்டினேன். விளையாட்டு உடனே ஏற்றுக்கொண்டது. அப்பாவுக்கு அந்தக் கலவரத்திலும் கொஞ்சம் பெருமை. இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு, அன்னபூரணியில் தாது ஏற்றி இரண்டு கிரகம் தாண்டிப் போய் வந்தோம்.

நாங்கள் வெளியே வந்தபோது அடுப்பு மறுபடி எரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் மூக்கு சிவந்திருந்தது. பெரியம்மா யாரிடமோ தொலைபேசியில் நெளிந்து நெளிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு திட்டு வாங்கிய மாமா மட்டும் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். அவருக்காக நான் வருத்தப்பட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடவில்லை.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மஞ்சள் சுடிதார், கையில் பிஸ்கட் டின். பெரியம்மாவே அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, "இதுதான் ஹர்ஷிதா," என்றார், எந்தக் கூச்சமும் இல்லாமல். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

காப்பி குடித்த பிறகு அந்த அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல வாசனையாக இருந்தார். திரையில் அன்னபூரணி புறப்படக் காத்திருந்தது.

"கப்பலுக்கு என் பேரதான் வைக்கப் போனியாமே? ஏன் வைக்கல?"

நான் மாமாவைத் தேடினேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்து பத்தலக்கா," என்றேன்.

அவர் திரையிலிருந்த எழுத்துகளை விரல் வைத்து எண்ணினார். பிறகு தன் பெயரை விரல் விட்டு எண்ணினார். "அன்னபூரணிக்குப் பத்துது, எனக்குப் பத்தலயா?" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாவம், இவ்வளவு நல்ல அக்காவிடம் அவர் பெயரைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.