என் சாட்சி, ஸ்டெல்லாவின் வாயில்

இன்று மோகனூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா போனை நீட்டினார். "இந்தப் புள்ள சபையில சாட்சி சொல்றதக் கேளுங்க சாமி."

திரையில் என் தோழி ஸ்டெல்லா.

போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு வேலைக்குப் போகும் அவள் அண்ணன் பெரிய குடிகாரராம். இவள் முழங்காலில் நின்று ஜெபிக்க, அடுப்பில் பால் பொங்கி அடி கருகிப் போனதாம். அன்றோடு அண்ணன் குடியை விட்டாராம்.

ஸ்டெல்லாவுக்கு அண்ணனே கிடையாது. அது என் கணவர். என் அடுப்பு. சபையில் எழுந்து சொல்லக் கூச்சப்பட்டு, அவளிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்னேன்.

"இதக் கேட்டுத்தானுங்க எங்கூட்டுக்காரரும் குடிய உட்டாரு" என்று அக்கா கண்ணைத் துடைத்தார்.

எதைச் சொல்லி மறுக்க? "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அது என் சாட்சிதான் என்பதற்கு இப்போது எனக்கொரு சாட்சி வேண்டும். அடி கருகிய பால் பாத்திரம் இருக்கிறது. செல்லுமா?