நீவெஸின் கையசைப்பு

கல்லூரிக்குப் போகிற வழியில் ஓர்த்தே ஜங்ஷனில் ரயில் மாறவேண்டியிருந்ததால்தான் நீவெஸை எனக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு எதிரே எல்வியோவின் கடையில் முப்பத்தோரு வருஷமாக நின்றபடியே காப்பி போடுகிறவள். முழங்கால் போனதும் அப்படித்தான்.

வெளிநாட்டுப் பயணிகள் கையில் ஆளுக்கொரு சின்னப் புத்தகம் இருக்கும். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கும். வருகிற பதிலைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுக்காது. அதனால் நீவெஸ் பாதிப் பதிலைக் கையாலேயே சொல்லிவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முழங்கால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள். ஏழு மாதம் காத்திருந்து கிடைத்தது. மூன்று மணி பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான். இரண்டரைக்கே ஏப்ரனைக் கழற்றிவிட்டாள்.

அப்போதுதான் தொப்பி போட்ட ஒரு டச்சுக்காரர் வந்து, புத்தகத்தைப் பிரித்து எழுத்தெழுத்தாக வாசித்தார்: "மன்னிக்க வேண்டுகிறேன். விமான நிலையம் செல்லும் தொடர்வண்டி எந்த நடைமேடையில் நிற்கும்?"

"மூணாவது. ஓடுங்க, நாலு நிமிஷம்தான் இருக்கு." மூன்று விரலைக் காட்டினாள்.

"மிக்க நன்றி."

வாசல் தாண்டித் திரும்பிப் பார்த்தவருக்கு, எங்கள் ஊர் வழக்கப்படி உள்ளங்கையைத் தன் பக்கம் வைத்து, விரல்களை மடக்கி மடக்கி விடைகொடுத்தாள். மனுஷர் திரும்பி வந்துவிட்டார்.

"ஐயோ, போங்க!" மறுபடி அதே ஆட்டல். அவர் இன்னும் நெருங்கிப் பணிவாக நின்றார்.

"தயவுசெய்து மெதுவாகக் கூறுங்கள்."

எல்வியோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா, அவங்க ஊர்ல அப்படி ஆட்டினா 'வா'ன்னு அர்த்தம். கையால கூப்பிட்டுக்கிட்டே வாயால துரத்தினா அந்த ஆள் என்ன பண்ணுவான்?"

"முப்பத்தோரு வருஷமா இப்படித்தானடா ஆட்டுறேன்!"

"அதான் பாதிப் பேரு திரும்பி வந்து ரெண்டாவது காப்பி குடிச்சிட்டுப் போறாங்க."

எதிரே ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது. டச்சுக்காரர் பக்கங்களைப் புரட்டித் தேடி எடுத்தார். "எனது தொடர்வண்டி சென்றுவிட்டது."

"தெரியுது ஐயா. நான்தானே கெடுத்தேன்."

"நீ கிளம்பு, பஸ் போயிடும். நான் சொல்லிக்கிறேன்" என்றான் எல்வியோ.

"என்னத்தச் சொல்லுவ? அடுத்த வண்டி எட்டாவதுல. சுரங்கப்படி இறங்கி ஏறணும். அதுக்கு இவர் புத்தகத்துல பக்கம் இருக்கா?"

இந்தத் தடவை அவள் கையை ஆட்டவில்லை. அவர் சட்டைக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். இருபத்தாறு படி இறக்கம், இருபத்தாறு படி ஏற்றம். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்றாள். ஒருவழியாக அவரை வண்டியில் ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபோது மூன்று மணி ஐந்து நிமிஷம்.

ஜன்னலில் இருந்து அவர் வாசித்தார்: "மீண்டும் சந்திப்போம்."

"வேண்டவே வேண்டாம் ஐயா" என்றாள் நீவெஸ், இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டபடி.

டாக்டரைப் பார்க்க நவம்பரில் வேறு நாள் கொடுத்திருக்கிறார்கள். நீவெஸ் இப்போதும் எல்வியோவின் கடையில்தான் நிற்கிறாள். வெளிநாட்டவர்களுக்கு வாயால் மட்டும் விடைகொடுக்கிறாள்.