ஆணிகளுக்கு ஒரு குளிர்ப்பெட்டி

வேலைக்குப் போன முதல் நாளே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். விமானக் கூடத்தின் மூலையில் ஒரு வெள்ளைக் குளிர்ப்பெட்டி நின்றது. மதியச் சாப்பாட்டோடு கொண்டுபோன தயிர் புளித்துவிடக் கூடாதே என்று அதைத் திறந்து உள்ளே வைத்தேன். கதவை மூடுவதற்குள் பின்னால் ஒரு கத்தல். எங்கள் பிரிவின் பொறுப்பாளர், ஓய்வுபெற இரண்டொரு வருஷமே மிச்சமிருந்த பெரிய உடம்புக்காரர், ஓடிவந்து தயிர்ச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். சிங்களத்தில் அவர் சொன்னதில் பாதிதான் விளங்கியது. மீதியை அவருடைய முகமே சொல்லிவிட்டது.

உள்ளே இருந்தவை ஆணிகள். இறக்கைத் தகடுகளை எலும்புச் சட்டத்தோடு பொருத்துகிற தறையாணிகள், பருப்பு அளவு தலையோடு, சின்னச் சின்ன டப்பாக்களில் உறைந்து கிடந்தன. இந்த உலோகத்தைச் சூளையில் காய்ச்சி எடுத்ததும் கொஞ்ச நேரம் மெழுகுபோல வளைந்துகொடுக்கும். பிறகு தானாகவே இறுகத் தொடங்கிவிடும். குளிரில் வைத்தால் மட்டும் இறுகாமல் அப்படியே காத்திருக்கும். வெளியே எடுத்தால் இருபது நிமிஷத்துக்குள் அறைந்து முடிக்கவேண்டும். பிந்தினால் அந்த ஆணியைக் குப்பையில்தான் போடவேண்டும். அதைக் கேட்டு நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பால் கெட்டுப்போகும், மீன் கெட்டுப்போகும், சரி. இரும்புக்கடைச் சாமானுக்கும் வயதேறும் என்று யார் கண்டது!

அதற்கு முன் பதினாறு வருஷம் கொக்குவிலில் பஸ்ஸுக்கு உடல் கட்டுகிற கராஜ் ஒன்றில் அலுமினியத் தகடு அறைந்துகொண்டிருந்தவள் நான். அங்கே ஆணி சாக்கில் வரும். மழையில் நனையும். கோழி அதன்மேல் ஏறி நிற்கும். பஸ் ஓடும்.

முன்பு விமானப்படை விமானத்தின் இறக்கையில் ஒரு தகடு பழுதானாலும் கடல் கடந்துதான் அனுப்பவேண்டியிருந்ததாம். இனி நாமே பழுது பார்ப்போம், முடிந்தால் பாகங்களையும் நாமே செய்வோம் என்று யாரோ மேலே தீர்மானித்திருக்கிறார்கள். தெல்லிப்பழைக்கு வடக்கே, ஓடுபாதைக்குப் பக்கத்தில் கூடம் ஒன்று எழும்பியது. படையாட்களோடு வெளியாட்கள் சிலரையும் எடுத்தார்கள். நேர்முகத்தில், பஸ்ஸுக்கு அறைந்த கை விமானத்துக்கு அறையுமா என்று கேட்டார்கள். பஸ்ஸிலும் மனிதர்கள்தானே போகிறார்கள் என்றேன். பொறுப்பாளர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது அந்தச் சிரிப்பால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வீட்டில்தான் பிரச்சினை. எனக்கும் விமானத்துக்கும் இருந்த பழக்கம் அதுவரை ஒரே மாதிரியானது. சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவது. ஓடுவதற்கு முன் அம்மா அடுப்பை அணைப்பாள். புகை தெரிந்தால் பொம்மர்காரன் குண்டு போடுவான் என்று அந்த நாட்களில் சனம் நம்பியது. சண்டை முடிந்து, படை பிடித்து வைத்திருந்த எங்கள் காணியை விட்டுத் தந்து, நாங்கள் புது வீடு கட்டி, குசினியில் காஸ் அடுப்பும் வந்துவிட்டது. அம்மாவின் கை மட்டும் மாறவில்லை. பயணிகள் விமானம் பகலில் போனாலும் திருகியை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். எங்கள் வீட்டில் சோறு ஒன்றில் அரைவேக்காடு, அல்லது இருமுறை வெந்த களி.

“அம்மா, நான் வேலை செய்யிறது ஆக்களையும் சாமானையும் ஏத்துற பிளேனிலை. வெள்ளம் வந்தால் மருந்து கொண்டுபோறது. குண்டு போடுறது இல்லை” என்று சொல்லிப் பார்த்தேன்.

“உது வந்து சொல்லுமே, நான் குண்டு போடுறேல்லை எண்டு?” என்றாள்.

எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. முதன்முதலில் ஓர் இறக்கையைத் திறந்து உள்ளே பார்த்தபோது மலைத்துப்போனேன். தகடு தேங்காய்ச் சிரட்டையைவிட மெல்லியது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆணிகள் ஆயிரக்கணக்கில், கோலப் புள்ளிபோல வரிசை தப்பாமல் நின்றன. ஒவ்வொன்றையும் ஒரு மனிதக் கை வைத்து, இன்னொரு மனிதக் கண் பார்த்து, மூன்றாவது ஆள் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்கள் தலைக்கு மேல் வந்து போனவற்றையும் இப்படித்தான், இவ்வளவு பொறுமையாக, யாரோ பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள். முதலில் வியப்பு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கோபமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டே வேலை பழகினேன்.

அறைவதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே நான் துவக்குபோல விசையை அழுத்தினால் காற்றில் இயங்கும் சம்மட்டியோடு நிற்பேன். இறக்கையின் வயிற்றுக்குள் நுழைந்து, ஆணியின் மறுமுனையில் ஓர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பவள் என் கூட்டாளி. மாத்தறைப் பக்கத்துப் பெண், சீருடைக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் அவளை ‘நங்கி’ என்பேன், சிங்களத்தில் தங்கை. அவள் என்னை ‘அக்கா’ என்பாள். அதற்குமேல் எங்களுக்குள் பொதுவான சொற்கள் அதிகம் இல்லை. என் சிங்களம் சந்தைக்குக் காணும். அவளுடைய தமிழ் அதற்கும் காணாது.

போதாக்குறைக்கு, உள்ளே இருப்பவளும் வெளியே நிற்பவளும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, சம்மட்டிச் சத்தத்தில் பேச்சும் கேட்காது. ஆகவே தட்டுவதுதான் பேச்சு. தகட்டில் உள்ளிருந்து ஒரு தட்டு வந்தால் ‘இன்னும் அறை’. இரண்டு தட்டு ‘நல்லது, அடுத்தது’. மூன்று தட்டு ‘பிழை, கழற்று’. நாள் முழுக்க இதையே பேசினோம். பிறகு சாப்பாட்டு மேசைக்கும் இந்தப் பாஷை வந்துவிட்டது. என் கத்தரிக்காய்க் குழம்பை வாயில் வைத்ததும் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். கூடத்துத் தேநீருக்கு எப்போதும் மூன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா பேசாமல் பரிமாறினாள். சீருடை இல்லாமல் வந்ததால் பாதி மன்னித்தாள். இரண்டாம் முறை சோறு கேட்டதால் மீதியையும் மன்னித்தாள்.

எங்கள் கூடத்திலேயே வெட்டி வளைத்த தகட்டால் ஓர் இறக்கைக்கு முதன்முறையாகத் தோல் போட்ட மாரிகாலம் அது. வெளிநாட்டுக்கு அனுப்பாமல் நாமே செய்தோம் என்று எல்லாரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம். ஒரு நாள் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போய்விட, நான் மட்டும் நின்றேன். மழை பிடித்தது, கூடவே இடி.

எங்கள் ஊரில் இடி இடித்தால் முதலில் செய்வது என்ன? பிளக்கைக் கழற்றுவது. தொலைக்காட்சி, குளிர்ப்பெட்டி எதுவானாலும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் மறுகதை. என் கையும் அதைத்தான் செய்தது. மழை விட்டதும் அதே கை திரும்பச் செருகியும் விட்டது. இடையில் ஒரு மணித்தியாலம் போயிருக்கும்; மின்சாரம் நின்றால் அவ்வளவு நேரம் குளிரைப் பிடித்துவைக்கிற பெட்டி அல்ல அது. தலைக்கு எதுவும் தெரியாது. குளிர்நிலையைக் காலையும் மாலையும்தான் தாளில் குறிப்போம், ஆகவே தாளுக்கும் தெரியாது. பின்னேரம் அந்தப் பெட்டியிலிருந்து ஆணி எடுத்து ஒரு முழு வரிசை அறைந்தோம். அன்றைக்கு நங்கியிடமிருந்து ஒற்றைத் தட்டுகள் வழக்கத்துக்கு மேலாக வந்தன. இன்னும் அறை, இன்னும் அறை. எனக்குக் கை களைத்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் எல்லாவற்றுக்கும் இரண்டு தட்டு கிடைத்தது. சோதித்துப் பார்க்க வந்தவரும் சரி என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சேர, பொழுதுபடும் நேரத்தில் மறுபடி இடித்தது. அம்மா குசினியிலிருந்து குரல் கொடுத்தாள்.

“பிள்ளை, பிறிட்ஜின்ரை பிளக்கைக் கழட்டினனியோ?”

சுவருக்குப் போய்ப் பிளக்கில் கை வைத்தேன். அப்போதுதான் விளங்கியது. பிளக்கை விட்டுவிட்டு நேரே குசினிக்குப் போனேன்.

அம்மாவுக்குச் சொன்னேன். கேட்டு முடிக்குமுன்பே அவள் யன்னலைச் சாத்தினாள்.

“வாயைப் பொத்திக்கொண்டு இரு. தெரியாமல் செய்தது எண்டு ஆர் நம்புவினம்? தமிழ்ப் பெட்டை வேணுமெண்டு செய்தவள் எண்டுதான் சொல்லுவினம். விசாரணை எண்டு கொண்டுபோனால் நான் எங்கை போய்த் தேடுறது?”

“அது பறக்கவேணும் அம்மா.”

“பறக்கட்டும். உனக்கென்ன?”

“சோதினைப் பறப்புக்கு அறைஞ்ச ஆக்கள்தான் முதல் ஏறவேணும். எங்கடை இடத்து வழக்கம் அது.”

“சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வீட்டிலை நில்.”

“அப்ப நங்கி?”

மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா சாத்திய யன்னலில் கை வைத்தபடி, “அந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கோ?” என்று கேட்டாள்.

“ஓம்.”

“அப்ப காலமை வெள்ளெனப் போய்ச் சொல்லு” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். பயத்தைப் பயம் என்றுதான் சொல்லவேண்டும்.

காலையில் பொறுப்பாளருக்கு முன்னால் நின்று, இரவெல்லாம் கோத்த சிங்களத்தில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எவ்வளவு நேரம், எந்த டப்பா, எந்த வரிசை என்று மூன்று கேள்விதான் கேட்டார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இறக்கையடிக்குப் போனார். நான் பின்னால் போனேன். ஒவ்வொரு ஆணித் தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியைத் தந்தார். தலையின் ஓரத்தில் தலைமயிர் அளவு ஒரு வெடிப்பு.

கத்துவார் என்று காத்திருந்தேன். தயிருக்கே கத்திய மனிதர் ஆயிற்றே. கத்தவில்லை. தடித்த மட்டைபோட்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, நடந்ததை என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். தமிழிலேயே எழுதலாம் என்றார். எழுதினேன். எழுத்து கோழி கிளறியதுபோல வந்தது. என்னைப் பிடித்துக் கொடுக்கத்தான் இந்த எழுத்து என்று நினைத்தேன். அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, என் எழுத்துக்குக் கீழே தானும் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். யாரும் பிடுங்கக்கூடிய இடத்தில் அந்தப் பிளக்கை விட்டது தன் பிழை என்று இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கச் சொன்னார். பக்கம் பக்கமாக அப்படித்தான் இருந்தது. நான் மறந்தேன், நான் கவனிக்கவில்லை, நான் அவசரப்பட்டேன். எல்லாம் அவரவர் கைப்பட. பெரிய பதவிக்காரரின் எழுத்தும் இருந்தது. இந்த நாட்டில் நடந்தவற்றுக்கு இப்படி ஒரு புத்தகம் யாராவது வைத்திருந்தார்களா? ஒருவராவது ஒரு வரி எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டிருக்கிறாரா? விமானம் பறப்பதன் இரகசியம் இறக்கையில் இல்லை, அந்த மட்டைக்குள் இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை.

முழு வரிசையையும் துளைத்து எடுக்க இரண்டு நாள் பிடித்தது. நங்கிக்கு என் மேல் கோபம். தனக்குத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும் என்பது அவளுடைய குற்றச்சாட்டு. அதை அவள் வாயால் சொல்லவில்லை. இறக்கைக்குள் புகுந்துகொண்டு, கழற்றிய ஒவ்வொரு ஆணிக்கும் மும்மூன்று தட்டுத் தட்டினாள். பிழை, பிழை, பிழை. ஒன்றையும் விடவில்லை. புது ஆணி அறையத் தொடங்கியபோதும் முதல் சிலவற்றுக்குச் சத்தமே வரவில்லை. காத்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளிருந்து மெதுவாக இரண்டு தட்டு வந்தது.

பறந்த நாள் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. எங்களை யன்னலோரம் இருத்திப் பட்டி கட்டினார்கள். ஓடுபாதையில் வேகம் பிடித்தபோது பற்களை இறுகக் கடித்துக்கொண்டேன். சக்கரம் நிலத்தை விட்ட கணத்தில் நான் பார்த்தது வெளியை அல்ல, இறக்கையை. அது மெல்ல மேல்நோக்கி வளைந்தது. பாரம் முழுவதும் அதன்மேல் ஏறுவதைக் கண்ணால் கண்டேன். சிரட்டையைவிட மெல்லிய அந்தத் தகடு எங்களையும் தூக்கிக்கொண்டு காற்றில் நின்றது. என் வரிசை தெரிந்தது. ஒரு புள்ளி அசையவில்லை. கீழே கீரிமலைக் கேணி கடலோரத்தில் சின்னதாகக் கிடந்தது. செம்மண் தோட்டங்கள் வந்தன. எங்கள் கூரை எது என்று தேடினேன், பிடிபடவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பெண் நான், விக்கி விக்கி அழுதேன். பயத்தில் அல்ல. இவ்வளவு பெரிய காரியத்துக்குள் என் கையும் இருக்கிறதே என்று. நங்கி என் உள்ளங்கையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள்.

மத்தியானம் வீட்டுப் படலையைத் திறக்கும்போதே கருகல் மணம். அம்மா முற்றத்தில் கதிரை போட்டு இருந்தாள். கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தினை தரம் சுத்துறது, மோனை! அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்துப் பிடிச்சுப்போச்சு.”

“குசினியிலை என்ன மணக்குது?”

“சோறு அடிப்பிடிச்சுப்போச்சு.”

“பிளேன் சத்தம் கேக்கேல்லையோ?”

“கேட்டது. நீயெல்லே மேலை நிண்டனி. அடுப்பை ஆர் நினைச்சது?” என்று எரிந்து விழுந்தாள்.

உள்ளே போனேன். கருகல் மணத்துக்குத்தான் அம்மா அடுப்பை அணைத்திருக்கிறாள். சட்டியில் மேலாக வெள்ளையாய் இருந்ததை வழித்தெடுத்து, தயிர் விட்டு, இருவரும் சாப்பிட்டோம். அதிலும் புகை மணந்தது. எனக்குத் தெரிய, எங்கள் வீட்டில் விமானம் பறக்கும்போது எரிந்துகொண்டிருந்த முதல் அடுப்பு அதுதான்.