குழாயடியில் சுருதி

இன்று காலை, தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லேபர் கேம்ப் குழாயடியில் பேச்சியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், பாட்டு படிக்கத்தான பிள்ளைய அனுப்புனேன்? ஒரு மாசமா காக்கா கத்துனா குனியச் சொல்லுதீய, குயில் கூவுனா எம்பச் சொல்லுதீய. இனி அனுப்ப மாட்டேன்."

தாழ்ந்த சத்தத்துக்குக் குனிவதும் உயர்ந்த சத்தத்துக்கு எம்புவதும்தான் பாடம், ஐந்து வயதில் சுருதி முதலில் உடம்பில்தான் ஏறும் என்றேன். அவர் கேட்பதாக இல்லை.

அவருடைய குடம் குழாயடியில் நிறைந்துகொண்டிருந்தது. மகள் செல்வி அதற்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். தண்ணீரின் சத்தம் உயர உயர அவளும் மெல்ல எழுந்தாள். கடைசியில் கைகளைத் தூக்கி நுனிக்காலில் நின்று, "எம்மா, நெறஞ்சிட்டு!" என்று கத்தினாள்.

பேச்சியம்மாள் ஓடிப்போய்க் குழாயை மூடினார். குடம் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"பாக்காம எப்படிட்டீ சொன்ன?"

"சத்தம் மேல போச்சுல்லா!"

பேச்சியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "சாயந்திரம் அனுப்புதேன்" என்று மட்டும் சொன்னார்.

வரிசையில் நின்ற இன்னும் மூன்று அம்மாக்களும் தங்கள் பிள்ளைகளை அனுப்புகிறார்களாம். பாட்டுக்கா, தண்ணீருக்கா என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?