வெட்டிய இடத்தில் கேட்ட குரல்

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. திருச்சி தில்லைநகரில், ஒரு மாடியில் வீடியோ எடிட்டிங் வகுப்பு நடத்துகிறேன். இருபது வருடமாக எனக்குச் சோறு போடுவது ஒரு பழைய எடிட்டிங் சாஃப்ட்வேர்தான். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதைக் கண்டாலே அலர்ஜி. "இவ்ளோ பட்டனா? போன்லயே ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுவோமே மேடம்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மாதம் ஒருவராவது சேராவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். கடைசியாக, இலவச டெமோ என்று நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தேன். எட்டுப் பேர் வந்தார்கள்.

ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஸ்ரீரங்கத்தில் எடுத்த ஒரு பழைய கல்யாண வீடியோவைத் திரையில் திறந்தேன். கைக்கு அகப்பட்டதை எடுத்தேன், அவ்வளவுதான்.

"இதுல நாம வெட்டினது அழியாதுங்க. துண்டோட ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா திரும்பி வந்துடும், பாருங்க" என்று பெருமையாக இழுத்தேன்.

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். கேமராவை நேராகப் பார்த்து, "சுண்டு! இங்க வாடா கண்ணு!" என்று கூப்பிட்டார்.

"வரேம்ப்பா" என்றது, இருட்டில் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

தட்டுத் தடுமாறி விளக்கைப் போட்டேன். ஒரு காலேஜ் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். தான் பதில் சொன்னதே அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க அத்தை கல்யாணம் மேடம் இது. அவர் எங்கப்பா."

அப்போதுதான் நினைவு வந்தது. கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் மணப்பெண்ணின் அண்ணன் இறந்துவிட்டார். மங்கல வீடியோவில் போனவர் முகம் ஆகாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். நானும் பிசிறு இல்லாமல் அவரை வெட்டி எடுத்துவிட்டு, ஆள் இருந்த சுவடே தெரியவில்லை என்று பாராட்டும் வாங்கினேன். பாவி, அவருக்கு ஒரு குழந்தை இருக்குமே என்று எனக்குத் தோன்றவே இல்லை!

"அப்பா குரல் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல மேடம்" என்றாள்.

மற்ற ஏழு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிட்டார்கள். அவள் மட்டும் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க இழுக்காதீங்க. எப்படின்னு சொல்லிக் குடுங்க, நானே தேடிக்கறேன்."

மதியத்துக்குள் பதினோரு இடத்தில் அவரை மீட்டுவிட்டாள். அவர் பேசியபோதெல்லாம் அவள் உதடும் கூடவே அசைந்தது. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

மறுநாளே வகுப்பில் சேர்ந்தாள், தோழிகள் நாலு பேரையும் இழுத்து வந்தாள். வகுப்பு பிழைத்தது. ஆனால் இன்றைக்கும் யாராவது "இவரை எடுத்துடுங்க" என்று சொன்னால், அவர் கூப்பிட்டால் பதில் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் என் கை மௌஸைத் தொடுவதில்லை.